மாத விற்பனை என்ன சொல்கிறது?
சில்லறை விற்பனைக் குறியீடும் அதனைச் சொல்லும் தமிழும்



மொழியியலைப் பயின்று, அதனையே தொழிலாகக் கொண்டு ஓய்வுபெற்ற நாம், கடைகளின் விற்பனைக் கணக்கைப் பற்றிப் பேச முன்வந்திருப்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். இதற்குக் காரணம் ஒரே ஒரு வாக்கியம். அதனைக் கூறிவிட்டே பொருளுக்குள் செல்ல விரும்புகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஆங்கிலச் செய்தித் தொகுப்பு ஒன்றின் தமிழாக்கத்தைச் சரிபார்த்துக் கொடுக்கும் பொறுப்பு நமக்கு அளிக்கப்பட்டிருந்தது. அதில், 'சில்லறை விற்பனை வளர்ச்சி 2 விழுக்காடு குறைந்தது' என்றொரு வாக்கியம் இருந்தது. சந்திப் பிழை இல்லை. எழுவாயும் பயனிலையும் இயைந்திருந்தன. ஒப்புதல் அளித்துவிட்டோம். சில நாள்கள் கழித்து, சிராங்கூன் சாலையில் துணிக்கடை நடத்தும் நெடுநாள் நண்பர் ஒருவர் நம்மைச் சந்தித்தபோது, "ஐயா, நாட்டில் விற்பனை குறைந்துவிட்டதாமே! தீபாவளிக்கு வரவழைக்கும் சேலைகளைக் குறைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்" என்றார். எங்கே படித்தீர்கள் என்று கேட்டோம். நாம் ஒப்புதல் அளித்த அதே வாக்கியத்தை அவர் சொன்னார்.

வீட்டிற்கு வந்து மூலத்தை எடுத்துப் பார்த்தோம். விற்பனை குறையவே இல்லை. முந்திய ஆண்டைவிட 2 விழுக்காடு கூடியிருந்தது. முன்பு இருந்ததைவிட மெதுவாகக் கூடியது என்பதே செய்தி. 'வளர்ச்சி 2 விழுக்காடாகக் குறைந்தது' என்று இருந்திருக்க வேண்டும். 'ஆக' என்னும் இரண்டு எழுத்துகள் விடுபட்டதால், உயர்வு சரிவாக மாறிவிட்டது. இலக்கணப் பிழை இல்லாத வாக்கியம் பொருட்பிழை நிறைந்ததாக இருந்தது. அதனை நாமே கடக்க விட்டிருந்தோம். அன்றுமுதல் இந்தக் குறியீட்டைக் கற்கத் தொடங்கினோம். கற்றவற்றுள் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பயன்படக்கூடியவற்றை இங்கே தொகுத்துரைக்கிறோம்.

சொல்லும் பொருளும்

'சில்லறை' என்னும் சொல்லைச் சிறுமையைக் குறிக்கும் 'சில்' என்னும் அடியோடு தொடர்புபடுத்திக் காணலாம். உடைந்த ஓட்டுத் துண்டைச் 'சில்லு' என்கிறோம். பெரிய பணத்தாளை மாற்றினால் கிடைப்பது 'சில்லறை'. மொத்தமாக வாங்கியதைச் சிறு சிறு அளவுகளாகப் பிரித்து, பயன்படுத்துவோரிடம் நேரடியாக விற்பதே சில்லறை விற்பனை. சிங்கப்பூரின் ஏனைய அதிகாரத்துவ மொழிகளும் இதே காட்சியைத் தம் சொற்களுக்குள் வைத்திருக்கின்றன. ஆங்கிலத்தின் 'ரீட்டெயில்' என்னும் சொல், வெட்டுதல் என்னும் பொருளுடைய பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. மலாயின் 'ருன்சிட்' சிறிய அளவில் விற்பதைக் குறிக்கும். சீனத்தின் 'லிங்ஷோ' என்பதில் முதற்பகுதி உதிரியைக் குறிக்கும். நான்கு மொழிகளும் முழுமையைத் துண்டாக்குவதையே எண்ணியிருக்கின்றன.

நாட்டின் பொருளாதாரத்தை அறிய விழைவோர் இதற்கு நேர்மாறான செயலைச் செய்கிறார்கள். ஆயிரக்கணக்கான கடைகளில் சிதறிக் கிடக்கும் துண்டுகளை மீண்டும் ஒன்றாகச் சேர்த்து, ஒரே எண்ணாக்கிப் பார்க்கிறார்கள். அந்த எண்ணே சில்லறை விற்பனைக் குறியீடு.

குறியீடு உருவாகும் முறை

சிங்கப்பூரில் இதனைக் கணக்கிட்டு வெளியிடுவது வர்த்தக, தொழில் அமைச்சின் கீழ் இயங்கும் புள்ளிவிவரத் துறை. கடைகளிடமிருந்து அவற்றின் மாத விற்பனை விவரங்களைப் பெற்று, துறைவாரியாகத் தொகுத்து, மாதம் முடிந்த ஏறத்தாழ ஐந்து வாரங்களில் வெளியிடுகிறது. பேரங்காடிகள், பலபொருள் அங்காடிகள், ஆடை, காலணி, அறைகலன், கைக்கடிகாரம், நகை, கணினி, தொலைத்தொடர்புச் சாதனங்கள், பெட்ரோல் நிலையங்கள், மோட்டார் வாகனங்கள் எனப் பல பிரிவுகள் இதில் அடங்கும். கடைகள் இணையம்வழி விற்பவையும் சேரும். உணவகங்களின் விற்பனைக்கு உணவு, பானச் சேவைக் குறியீடு என்று தனிக் கணக்கு உண்டு.

குறியீடு என்பது வெள்ளித் தொகையன்று என்பதை மாணவர்கள் முதலில் மனத்திற்கொள்ள வேண்டும். ஓர் ஆண்டை அடியாண்டாகக் கொண்டு அதன் சராசரி விற்பனையை 100 என வைத்துக்கொள்கிறார்கள். பிற மாதங்களின் விற்பனை அந்த நூற்றோடு ஒப்பிட்டுக் கூறப்படுகிறது. எடுத்துக்காட்டாக, குறியீடு 120லிருந்து 126க்கு உயர்ந்தால், அது 6 புள்ளி உயர்வு. ஆனால் 5 விழுக்காட்டு உயர்வு. புள்ளியையும் விழுக்காட்டையும் ஒன்றெனக் கொள்வது வகுப்பறையில் அடிக்கடி காணப்படும் பிழை.

முதலில் வெளியாகும் எண் முன்மதிப்பீடே ஆகும். காலந்தாழ்ந்து வரும் விவரங்களைச் சேர்த்துப் பின்னர் திருத்துவார்கள். ஆகவே ஓர் எண்ணைக் கையாளும்போது, அது முன்மதிப்பீடா, திருத்திய மதிப்பீடா என்பதையும் காண வேண்டும்.

எதனோடு ஒப்பிடுகிறோம்?

'விற்பனை உயர்ந்தது' என்று மட்டும் ஒருவர் கூறினால், அவர் பாதி வாக்கியத்தையே கூறியிருக்கிறார். எதனைவிட உயர்ந்தது என்பது மறுபாதி. இங்கு இரண்டு ஒப்பீடுகள் வழக்கத்தில் உள்ளன. ஒன்று, முந்திய ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுவது. மற்றொன்று, முந்திய மாதத்தோடு ஒப்பிடுவது. ஒரே மாதத்தின் விற்பனை முதல் ஒப்பீட்டில் உயர்ந்தும் இரண்டாம் ஒப்பீட்டில் தாழ்ந்தும் இருக்கக்கூடும். இரண்டு செய்திகளுமே மெய்யாக இருக்கும்.

இதில் திருநாள்கள் பெரும் பங்கு வகிக்கின்றன. நம் துணிக்கடை நண்பரின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் 2023ஆம் ஆண்டின் தீபாவளி நவம்பர் 12ஆம் நாள் வந்தது. 2024இல் அக்டோபர் 31ஆம் நாள் வந்தது. 2023இல் கடைசி நேரக் கூட்டம் நவம்பர் முதற்பகுதியில் கடையை நிறைத்திருக்கும். 2024இல் அக்டோபர் முடிவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். இரண்டு ஆண்டுகளிலும் அவர் ஒரே எண்ணிக்கையில் சேலை விற்றிருந்தாலும், 2024 நவம்பரை 2023 நவம்பரோடு ஒப்பிட்டால் வணிகம் வீழ்ந்துவிட்டதாகத் தோன்றும். வீழ்ந்தது வணிகமன்று, நகர்ந்தது தீபாவளி.

நாடு முழுவதற்குமான கணக்கில் இதே விளைவைப் பெரிய அளவில் உண்டாக்குவது சீனப் புத்தாண்டு. அது 2024இல் பிப்ரவரி 10ஆம் நாளும் 2025இல் ஜனவரி 29ஆம் நாளும் வந்தது. எனவே 2025 ஜனவரி விற்பனை முந்திய ஆண்டு ஜனவரியைவிட உயர்ந்தும், பிப்ரவரி விற்பனை தாழ்ந்தும் காணப்பட்டன. 2024 பிப்ரவரிக்கு 29 நாள்கள் என்பதும் சேர்ந்துகொண்டது. இதனை அறிந்தவர்கள் ஜனவரியையும் பிப்ரவரியையும் சேர்த்தே பார்ப்பார்கள். அறியாதவர் ஒரு மாதம் மகிழ்ந்து மறுமாதம் கலங்குவார்.

முந்திய மாதத்தோடு ஒப்பிடும்போது இச்சிக்கல் இன்னும் கூடுதலாகும். ஆண்டிறுதி விடுமுறைக் காலத்தின் விற்பனையோடு அதற்குப் பிந்திய மாதத்தை நேரடியாக ஒப்பிடுதல் முறையாகாது. ஆதலால் ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வரும் ஏற்ற இறக்கங்களைக் கணித முறையால் நீக்கிவிட்டு ஒப்பிடுகிறார்கள். இவ்வாறு பெறுவதைப் 'பருவத் தாக்கம் நீக்கிய' எண் என்கிறோம். இத்தொடரை நீளம் கருதி விட்டுவிடும் மொழிபெயர்ப்பாளர், வாசகரிடமிருந்து இன்றியமையாத ஒரு செய்தியை மறைத்துவிடுகிறார்.

தாழ்ந்த அடித்தளம்

ஒப்பீட்டின் ஆற்றலைக் கொவிட்-19 காலம் தெளிவாக உணர்த்தியது. சிங்கப்பூரில் நோய்ப் பரவல் முறியடிப்பு நடவடிக்கை 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நடப்பில் இருந்தது. பெரும்பாலான கடைகள் மூடப்பட்டிருந்த மே மாதத்தில், சில்லறை விற்பனை முந்திய ஆண்டு மே மாதத்தைவிட ஏறத்தாழ 52 விழுக்காடு சரிந்தது. மறுஆண்டு, 2021 மே மாதத்தில், அது ஏறத்தாழ 80 விழுக்காடு உயர்ந்தது.

52 சரிந்து 80 உயர்ந்தால், இழந்ததற்கும் மேலாகவே மீட்டுவிட்டோம் என்று எண்ணத் தோன்றும். கணக்கிட்டுப் பார்ப்போம். 2019 மே மாதத்தில் 100 வெள்ளிக்கு விற்ற இடத்தில் 2020இல் 48 வெள்ளிக்கே விற்பனையாயிற்று. 48இன் 80 விழுக்காடு ஏறத்தாழ 38. இரண்டையும் கூட்டினால் 86. பழைய நூற்றை எட்டுவதற்கு இன்னும் 14 குறைகிறது. சரிவு 100ஐ அடித்தளமாகக் கொண்டது; உயர்வோ 48ஐ அடித்தளமாகக் கொண்டது. அடித்தளம் தாழ்ந்திருந்தால் சிறிய மீட்சியும் பெரிய விழுக்காடாகத் தெரியும்.

அந்த 2020 மே மாதத்திலும் எல்லாக் கடைகளும் ஒன்றுபோல் சரியவில்லை. வீட்டிலேயே சமைத்து உண்ட அந்நாள்களில் பேரங்காடிகளின் விற்பனை ஏறியது. பலபொருள் அங்காடிகளின் விற்பனை அடியோடு வீழ்ந்தது. மொத்த விற்பனையில் இணையத்தின் பங்கு ஏறத்தாழ நான்கில் ஒன்றாக உயர்ந்தது. ஒரே சராசரிக்குள் இத்தனை வேறுபட்ட கதைகள் இருந்தன.

விலையா, அளவா?

குறியீட்டை இருவகையாக வெளியிடுவது வழக்கம். ஒன்று நடப்பு விலையில் கணக்கிடுவது. மற்றொன்று விலை மாற்றத்தை நீக்கிவிட்டு விற்ற அளவை மட்டும் கணக்கிடுவது. ஒரு மளிகைக்கடை, சென்ற ஆண்டு ஒரு நாளில் 20 வெள்ளி விலையுள்ள அரிசி மூட்டைகள் பத்தை விற்று 200 வெள்ளி ஈட்டியது என்று கொள்வோம். இவ்வாண்டு மூட்டையின் விலை 24 வெள்ளி. ஒன்பது மூட்டைகளே விற்றன. ஆனால் கல்லாவில் சேர்ந்தது 216 வெள்ளி. வெள்ளியில் பார்த்தால் விற்பனை 8 விழுக்காடு உயர்ந்தது. அரிசியில் பார்த்தால் 10 விழுக்காடு குறைந்தது. கடைக்காரர் மகிழ்கிறார், ஒரு குடும்பம் குறைவாக வாங்கிச் சென்றிருக்கிறது. விலைவாசி உயரும் காலத்தில் முதல் எண்ணை மட்டும் கூறுவது பொய்யாகாது. ஆயினும் முழு உண்மையும் ஆகாது.

வரி மாற்றங்களும் விற்பனையை இடம் மாற்றும். சிங்கப்பூரில் பொருள் சேவை வரி 2023 ஜனவரி முதல் நாள் 7இலிருந்து 8 விழுக்காடாகவும், 2024 ஜனவரி முதல் நாள் 9 விழுக்காடாகவும் உயர்ந்தது. இத்தகைய உயர்வுக்கு முன்னர், பெரிய பொருள்களை வாங்க எண்ணியிருந்தோர் முன்கூட்டியே வாங்கிவிடுவது இயல்பு. அவ்வாறு வாங்கும்போது முன்மாதத்தின் உயர்வு பின்மாதத்திலிருந்து பெற்ற கடனாகவே இருக்கும்.

நாட்டின் பொருளாதாரத்தைக் காட்டுமா?

மக்கள் வேலையில் நிலைத்திருப்போம் என்று நம்பினால் புதிய அறைகலன் வாங்குவார்கள். ஐயுற்றால் பழையதையே துடைத்து வைத்துக்கொள்வார்கள். அந்த நம்பிக்கையும் ஐயமும் கடைகளில் விரைவில் தெரிந்துவிடும். மொத்த உள்நாட்டு உற்பத்தி காலாண்டுக்கு ஒருமுறையே கணக்கிடப்படுகிறது. சில்லறை விற்பனை மாதந்தோறும் கிடைக்கிறது. இதுவே இக்குறியீட்டின் சிறப்பு.

ஆனால் அது காட்டும் பரப்பு நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்காவில் தனியார் நுகர்வு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல். ஆகவே அங்கு இவ்வெண் வெளியாகும் நாளில் பங்குச் சந்தையே கூர்ந்து கவனிக்கும். மலேசியாவில் அப்பங்கு ஏறத்தாழ 60 விழுக்காடு. சிங்கப்பூரிலோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. நம் ஏற்றுமதி இறக்குமதிகளின் கூட்டுத்தொகை மொத்த உள்நாட்டு உற்பத்தியைப்போல் மூன்று மடங்குக்கும் மேற்பட்டது. எனவே இங்கு நாட்டின் முழு நிலையை அறிய, எண்ணெய் சாரா உள்நாட்டு ஏற்றுமதி போன்ற எண்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மேலும், கடையில் வாங்குவோர் அனைவரும் உள்நாட்டினர் அல்லர். சுற்றுப்பயணிகள் வாங்கும் கைக்கடிகாரமும் இக்கணக்கில் சேரும். அதேவேளை, வார இறுதியில் கடற்பாலத்தைக் கடந்து ஜொகூர் பாருவில் நாம் வாங்கிவரும் மளிகைப் பொருள்கள் இதில் சேர மாட்டா. முடி திருத்துதல், துணைப்பாட வகுப்பு, மருத்துவம், வாடகை ஆகிய செலவுகளும் சேர மாட்டா. மோட்டார் வாகன விற்பனையோ மக்களின் விருப்பத்தை மட்டும் பொறுத்ததன்று. 1990 முதல் நடப்பில் உள்ள வாகன உரிமைச் சான்றிதழ் முறையின்கீழ் எத்தனை சான்றிதழ்கள் வழங்கப்படுகின்றன என்பதையும் பொறுத்தது. அதனால்தான் 'மோட்டார் வாகனங்கள் நீங்கலாக' என்று மற்றோர் எண்ணும் தரப்படுகிறது.

உருபு செய்யும் வேலை

இனி நம் துறைக்கு வருகிறோம். சில்லறை விற்பனை வளர்ச்சி சென்ற மாதம் 8 விழுக்காடு, இம்மாதம் 5 விழுக்காடு என்று கொள்வோம். பின்வரும் வாக்கியங்களை நோக்குக:

வளர்ச்சி 5 விழுக்காடாகக் குறைந்தது.
வளர்ச்சி 5 விழுக்காடு குறைந்தது.
வளர்ச்சி 3 விழுக்காட்டுப் புள்ளி குறைந்தது.
விற்பனை 5 விழுக்காடு குறைந்தது.

முதலாவது சரி. 'ஆக' என்பது மாற்றம் எங்கே போய் நின்றது என்பதைக் காட்டுகிறது. 'விழுக்காட்டிற்கு' என நான்காம் வேற்றுமை உருபு கொடுத்து எழுதினாலும் அதே பொருள் கிடைக்கும். இரண்டாவதில் உருபு இல்லாமையால், 5 என்பது சென்றடைந்த இடமாக இராமல், குறைந்த அளவாகிவிடுகிறது. 8இலிருந்து 5ஐக் கழித்து 3 என ஒருவர் கொள்ளலாம். 8இல் 5 விழுக்காட்டைக் கழித்து 7.6 என மற்றொருவர் கொள்ளலாம். இரண்டும் தவறு. மூன்றாவது சரி, ஈரெண்களுக்கு இடையேயான தொலைவை அது கூறுகிறது. நான்காவது முற்றிலும் தவறு. வளர்ச்சி குறைதல் வேறு, விற்பனை குறைதல் வேறு. மலையேறும் ஒருவர் நடையின் வேகத்தைக் குறைத்துக்கொண்டாலும் ஏறிக்கொண்டேதான் இருக்கிறார்.

காலப்பெயர்களிலும் கவனம் தேவை. ஜனவரி மாத விற்பனை விவரம் மார்ச் மாதத் தொடக்கத்தில் வெளியாகும். அதனைக் 'கடந்த மாத விற்பனை' என எழுதினால் வாசகர் பிப்ரவரி என்றே கொள்வார். மாதத்தின் பெயரை எழுதிவிடுவதே நன்று. 'கடந்த ஆண்டைவிட' என்பதைக் 'கடந்த ஆண்டின் இதே மாதத்தைவிட' என விரித்து எழுத வேண்டும். 'இருமடங்கு அதிகரித்தது' என்னும் தொடரும் ஐயத்திற்கு இடமளிப்பது. 100 என்பது 200 ஆயிற்றா, 300 ஆயிற்றா என்னும் வினா எழும். 'இருமடங்காயிற்று' என்றால் ஐயமில்லை. தமிழில் இவற்றை நுட்பமாகச் சொல்ல இயலாது என்பார் கூற்று பொருந்தாது. கருவிகள் நம் மொழியில் உள்ளன. அவற்றை எடுத்துப் பயன்படுத்துவதில்தான் நாம் சோர்ந்துவிடுகிறோம்.

வகுப்பறையில்

ஆசிரியர்கள் மாதம் ஒருமுறை இச்செய்தியை வகுப்பிற்குக் கொண்டுசெல்லலாம் என்பது நம் பரிந்துரை. மாணவர்கள் ஐந்து வினாக்களைக் கேட்டுப் பழகட்டும்: இது எந்த மாதத்தின் எண்? எதனோடு ஒப்பிடப்பட்டது? அவ்விரண்டு மாதங்களில் திருநாள் ஏதேனும் இடம் மாறியதா? விலை மாற்றம் நீக்கப்பட்டதா? மோட்டார் வாகனங்கள் சேர்க்கப்பட்டனவா? பின்னர் அதே செய்தியைத் தம் சொற்களில் மூன்று வாக்கியங்களாக எழுதட்டும். கருத்தறிதலும் கணிதமும் இலக்கணமும் அங்கே ஒருங்கே பயிற்சி பெறும். வேற்றுமை உருபு தேர்வுத் தாளுக்கு மட்டும் உரியதன்று என்பதையும் அவர்கள் உணர்வார்கள்.

முடிவுரை

நம் துணிக்கடை நண்பரிடம் மறுநாளே சென்று பிழையை ஒப்புக்கொண்டோம். அவர் சினங்கொள்ளவில்லை. குறைத்த சேலைகளுள் ஒரு பகுதியை மீண்டும் வரவழைக்க அவருக்கு நேரம் இருந்தது. மற்றொரு பகுதிக்கு இல்லை. "இனி எதை நம்பி முடிவெடுப்பது, ஐயா?" என்று கேட்டார். வாக்கியம் சரியாகவே இருந்திருந்தாலும், நாட்டின் சராசரி அவருடைய கடைக்கு விடையாகியிராது என்பதை அப்போதுதான் நாமும் உணர்ந்தோம். சென்ற தீபாவளிக்கு முந்திய நான்கு வாரங்களின் கணக்கையும் அதற்கு முந்திய தீபாவளியின் நான்கு வாரங்களின் கணக்கையும் அருகருகே வைத்துப் பாருங்கள் என்றோம். அவர் பெட்டியிலிருந்து இரண்டு கணக்கேடுகளை எடுத்தார். மாதப் பெயர்களை அவர் எழுதியிருக்கவில்லை. 'தீபாவளிக்கு 28 நாள்', 'தீபாவளிக்கு 27 நாள்' என்றே பக்கங்கள் தொடங்கின. நாம் நூல்களில் தேடிக் கற்ற பருவத் தாக்க நீக்கத்தை அவர் தம் கடையளவில் முப்பது ஆண்டுகளாகச் செய்துவந்திருக்கிறார். அவருக்குத் தேவைப்பட்டது, நாட்டின் கணக்கைத் திரிபின்றிச் சொல்லும் ஒரு தமிழ் வாக்கியம் மட்டுமே. அதனைத் தருவது மொழி கற்றோர் கடமை.